தாமோதரன் கடையைப் பற்றி விசாரித்தவர்கள்

1997ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம் என்றும் திருவள்ளூர் என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

அதற்கு அடுத்த வாரத்துச் சனிக்கிழமை காலை, மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வந்த பேருந்திலிருந்து செங்கல்பட்டில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ராஜகோபாலன், மாமல்லபுரத்தில் பள்ளிக்கூடச் சரித்திர ஆசிரியர். தேர்தல் வேலைக்குப் போவதற்காக என்றோ தைத்த காபிப்பொடி நிறச் சஃபாரி அணிந்திருந்தார். அக்குளில் ஒரு தோல் பை. மற்றவர் அவருடைய மனைவி செங்கமலத்தின் அண்ணன் பக்தவத்சலம். கடற்கரைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவர் தொழில். தலையில் ஓலைத் தொப்பி, தோளில் தண்ணீர் பாட்டில், மார்பில் ஒரு கேமரா. கேமரா பெல்ஜியத்துக்காரர் ஒருவர் மறந்துவிட்டுப் போனது. அதில் ஃபிலிம் கிடையாது.

வந்த காரியம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது.

ராஜகோபாலனின் மகள் கோதைக்கு இருபத்தேழு வயது. கடற்கரை ஓட்டல் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. அவளைப் பார்க்க முந்தின ஞாயிறு செங்கல்பட்டுப் பாத்திரக் கடைக்காரர் தாமோதரன் தம் மகன் ஹரிசங்கரோடும் மகள் சகுந்தலாவோடும் வந்து போயிருந்தார். எல்லாருக்கும் எல்லாரையும் பிடித்திருந்தது. கோதைக்கே பிடித்திருந்தது என்பதுதான் புதிது. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. அதற்குள் நிச்சயம் செய்ய வேண்டுமென்றால் சனிக்கிழமை மாலைக்குள் பதில் தெரிய வேண்டும் என்று தாமோதரன் சொல்லிவிட்டுப் போனார். மதுராந்தகத்து ஜாதகம் ஒன்றும் அவர் கையில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊர்க் கடைத்தெருவில் விசாரிப்பது வழக்கம். விசாரிப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. விசாரிக்கிறவர்களும் விசாரிப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இதில் ராஜகோபாலனுக்கு முன் அனுபவம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அச்சிறுபாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தபோது, அவர் நேராக மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர்க்கடையில் ஏறி, "பையன் குடிப்பானா?" என்று கேட்டார். கடைக்காரர் பையனுடைய பெரியப்பா. அந்த வரன் அன்றோடு போயிற்று.

"இந்தத் தடவை எங்க அண்ணனைக் கூட்டிக்கினு போங்க. அவருக்குப் பேசத் தெரியும்," என்றாள் செங்கமலம்.

"பேசத் தெரிஞ்சவர்தான் பயமா இருக்கு," என்றாள் கோதை. "அப்பா, எனக்கு இது பிடிச்சிருக்கு. விசாரிக்கிறேன்னு போய் இதையும் கெடுத்துட்டு வராதீங்க."

பக்தவத்சலத்துக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. "டூரிஸ்டா போவோம் வாத்தியாரே. பழைய கடைத்தெருவைச் சுத்திப் பாக்க வந்தவங்கன்னு சொல்லுவோம். டூரிஸ்ட் எதைக் கேட்டாலும் எவனும் ஏன்னு கேக்கமாட்டான்."

மாமல்லபுரத்தில் இது உண்மை. அங்கே முழங்கால் தெரிய வந்த ஒரு வெள்ளைக்காரர், சூப் கடைக்காரரின் சாதி என்ன, மனைவியோடு சண்டை வருமா, மாமியார் உயிரோடு இருக்கிறாரா என்பதுவரை கேட்கலாம். சூப் கடைக்காரர் பதில் சொல்லி, கூட ஒரு சங்கு மாலையும் விற்றுவிடுவார். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு உலகமே அப்படித்தான் நடக்கிறது என்ற எண்ணம் உண்டு. செங்கல்பட்டைச் சுற்றிப் பார்க்க யாரும் வந்ததில்லை. வழக்குக்கு வருவார்கள். ரயில் மாற வருவார்கள். கேமராவோடு வந்து கடைக்காரரை "எப்படிப் போகிறது வியாபாரம்?" என்று கேட்கிறவர் ஒரே வகை ஆள்தான் என்று அந்த ஊர் அறிந்திருந்தது.

மாவட்டம் பிரிந்ததிலிருந்து கடைத்தெருவில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. வரி அலுவலகத்துக்குப் புது ஆட்கள் வரப்போகிறார்கள், பழைய முகங்கள் எல்லாம் மாறும், புதியவர்கள் மாறுவேஷத்தில் வருவார்கள் என்பது பேச்சு. மாறுவேஷம் என்பதைச் சேர்த்தது யார் என்று தெரியவில்லை.

பேருந்து நிலையத்துக்கு வெளியே கண்ணாயிரம் தன் சைக்கிள் ரிக்‌ஷாவில் தானே சவாரிபோலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க சார் போவணும்?"

"பழைய கடைத்தெருவைச் சுத்திப் பாக்கணும்பா," என்றார் ராஜகோபாலன்.

"எந்தக் கடைக்கு?"

"கடைக்கு இல்ல. சும்மா. எல்லாக் கடையும்."

கண்ணாயிரம் எழுந்து நின்றார். "எல்லாக் கடையுமா?"

"பழைய காலத்துக் கட்டடம், பரம்பரையா வியாபாரம் பண்றவங்க, அவங்க தொழில் எப்படி நடக்குது, அது மாதிரி," என்று பக்தவத்சலம் விளக்கினார்.

கண்ணாயிரம் சஃபாரியைப் பார்த்தார். தோல் பையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

"புச்சா வந்துகிறீங்களா சார்?"

"ஆமா, புதுசுதான்."

"காஞ்சிபுரமா?"

ராஜகோபாலன் ஆசிரியர். தவறான தகவலை அப்படியே விட மாட்டார். "இப்ப இதெல்லாமே காஞ்சிபுரம்தானேப்பா. ஒண்ணாம் தேதியிலிருந்து."

"குந்துங்க சார்," என்றார் கண்ணாயிரம். வாடகை பேசவில்லை. இருக்கையைத் தம் துண்டால் துடைத்தார். இந்த இரண்டும் அந்த நிலையத்தில் அதற்குமுன் நடந்ததாக யாரும் சொல்லவில்லை.

வழியில் ராஜகோபாலன், இப்போது அரசு அலுவலகங்கள் இருக்கும் கோட்டைப் பக்கம் கையைக் காட்டி, இந்தக் கோட்டையை 1752இல் கிளைவ் பிடித்தார் என்று சொன்னார்.

"யாரு புட்சா இன்னா சார். உள்ள போனா ஒரு கையெழுத்துக்கு அரை நாள் ஆவுது," என்றார் கண்ணாயிரம். பிறகு, தான் யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து, "உங்க ஆபீஸ சொல்லல சார்," என்று சேர்த்துக்கொண்டார்.

"எங்க ஆபீஸா?"

"சொல்லலன்னு சொன்னேன் சார்."

கடைத்தெரு முனையில் அவர் மணியை நீளமாக ஒரு தடவையும், பிறகு துண்டு துண்டாகவும் அடித்தார். "வழி வுடுங்கப்பா! பெரியவங்க வந்துகினு கீறாங்க!" வழியில் ஒரு ஆடு மட்டும் நின்றது. மணி ஆட்டுக்காக அல்ல.

தெருவில் அசைவு உண்டாயிற்று. மளிகைக் கடை வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகள் உள்ளே போயின. இரும்புக் கடைக்காரர் மேசை அடியிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, தூசியை ஊதி, மேலே வைத்தார். ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அவர் கேட்காமலே, ரசீது எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி இறங்கி நின்றன. மீதிக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"பாத்தியா வாத்தியாரே. நம்ம ஊர்ல டூரிஸ்டுக்கு எவன் எழுந்து நிக்கிறான்? இங்க மரியாதை இருக்கு," என்றார் பக்தவத்சலம். கேமராவைக் கண்ணில் வைத்து க்ளிக் செய்தார். எழுந்து நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நல்ல இடமாகப் பார்த்து ரிக்‌ஷாவை நிறுத்தச் சொன்னார். தூண்கள் சாய்ந்த ஒரு பழைய கிடங்கு. தொழில் பழக்கம் அவரை விடவில்லை. "இது திப்பு சுல்தான் குதிரை கட்டின இடம் வாத்தியாரே. அந்தத் தூண்ல பாரு, கயிறு அறுத்த தடம்."

"அது மூத்திர சந்து சார்," என்றார் கண்ணாயிரம். "தூண்ல மாடு கொம்பு தேச்சிகினு இருக்கும்."

"மாடு எப்ப வந்தது? திப்புவுக்கு அப்புறம்தானே?"

கண்ணாயிரம் தூணை இன்னொரு தடவை பார்த்தார்.

கிடங்கின் ஓரத்தில் காசியம்மாள் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து தொடங்குவது என்று மைத்துனர்கள் முடிவு செய்தார்கள். முதலில் பொதுவாகப் பேசி, பிறகு மெல்லத் தாமோதரன் பக்கம் போவது திட்டம்.

"அம்மா, எத்தினி வருஷமா இங்க கடை போட்டிருக்கீங்க?"

"நேத்துதான் வந்தேன் சாமி."

அவளுக்குப் பின்னாலிருந்த சுவரில், விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தடவித் தடவி, ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளை மேடு ஏறியிருந்தது. ராஜகோபாலன் அதைப் பார்க்கவில்லை. அடுத்த கடையில் கேட்டார். அவரும் நேற்றுதான் வந்தவர். அதற்கடுத்த கடைக்காரர் கடைக்கே சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் வெளியே போயிருக்கிறார். எப்போது வருவார் என்று தெரியாது. பெயரும் சரியாகத் தெரியாது.

"இந்த ஊர்ல எல்லாரும் புதுசா இருக்காங்களே," என்றார் ராஜகோபாலன்.

"மாவட்டமே புதுசுதானே," என்றார் பக்தவத்சலம்.

தாமோதரனும் மகனும் அன்று சென்னைச் சௌகார்பேட்டைக்குச் சரக்கு எடுக்கப் போயிருப்பார்கள் என்பது பெண் பார்க்க வந்தபோதே பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது. அதனால்தான் இந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ரிக்‌ஷாக்காரர் வாய் நீளமானவர், அவர் எதிரில் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று பக்தவத்சலம் கருதினார். கண்ணாயிரத்தைக் காசியம்மாள் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இருவரும் பாத்திரக் கடையை நோக்கி நடந்தார்கள்.

கடை மூடியிருந்தது. பெயர்ப் பலகைமேல் ஒரு சாக்கு தொங்கியது. கதவில் பூட்டு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடை கியாசுதீனுடையது. பூட்டும் டிரங்குப் பெட்டியும் விற்கிற கடை. ஆடிக்கொண்டிருந்த பூட்டு அவர் கடைப் பூட்டுதான். மணிச் சத்தம் கேட்டதும், கடையிலிருந்த வேலையாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வந்து, அப்போதுதான் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். தாமோதரனும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தாமோதரன் ஊரில் இல்லாத நாளில் அவருக்கு ஒன்று வந்தால், பார்த்துக்கொண்டிருந்தவன் தான் என்று ஆகிவிடும்.

"வாங்க சார், வாங்க. குந்துங்க. நாஸ்தா ஆச்சா?"

"ஆச்சு பாய். நாங்க சும்மா சுத்திப் பாக்க வந்தோம்," என்றார் ராஜகோபாலன். "பக்கத்துல பாத்திரக் கடை மூடியிருக்கே?"

"அதுவா? அது மூடியேதான் சார் கெடக்கும்."

"அப்படியா! வியாபாரம் இல்லையா?"

"இன்னா சார் வியாபாரம். எவர்சில்வர் வந்தப்பவே பாதி போச்சி. பிளாஸ்டிக் வந்து மீதியும் போச்சி. ஒரு சொம்பு வித்தா அன்னிக்கு அவங்க வூட்ல பாயசம்."

ராஜகோபாலனின் முகம் விழுந்தது. கியாசுதீன் அதைக் கவனித்தார். அதிகாரிக்கு இரக்க குணம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். இரக்கம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தளிர்க்கும்.

"கடை சொந்தமா?" என்று கேட்டார் பக்தவத்சலம்.

"வாடகை சார். அதுவும் கோர்ட்ல கீது."

"பின்னால கிடங்கு இருக்குன்னு கேள்விப்பட்டோமே?"

கேள்விப்பட்டோமே என்ற சொல்லைக் கியாசுதீன் பிடித்துக்கொண்டார். எவனோ மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறான். "கெடங்கா? அது இடிஞ்சி பாம்பு குடியிருக்கு சார். போன மாசம் கூட ஒண்ணு அடிச்சோம்."

ராஜகோபாலன் டிரங்குப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். "கடையை யாரு பாத்துக்கிறாங்க? பையன் ஒருத்தர் இருக்காராமே."

"பையன் கீறான் சார். ஹரிசங்கருன்னு பேரு. இருந்து இன்னா புண்ணியம்?" கியாசுதீன் தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்து, ஒரு ஆணி கழன்றதுபோலச் சுற்றிக் காட்டினார்.

"எப்பலேருந்து?"

"பொறப்புலேருந்தே சார். நல்லாத்தான் இருப்பான். திடீர்னு பேசாம குந்திடுவான்."

பெண் பார்க்க வந்த அன்று ஹரிசங்கர் அதிகம் பேசவில்லை. ராஜகோபாலனுக்கு அது நினைவுக்கு வந்தது. தோல் பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்ததுபோல கியாசுதீனுக்குத் தெரிந்தது. இவ்வளவு இளகிய மனசுள்ள வரி அதிகாரியை அவர் பார்த்ததில்லை. இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் இந்த மனுஷன் தாமோதரனுக்குத் தன் கைக்காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

"அவனுக்கு..." ராஜகோபாலன் கைக்குட்டையை மடித்தார். "அவனுக்குக் கல்யாணம், கில்யாணம்?"

"அதான் சார் பெரிய பேஜாரு. கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளைங்க. ஒண்ணுக்கு இளைப்பு. ராத்திரியில மூச்சு விட முடியாது சார். தாமோதரன் அந்தக் கொழந்தய தோள்ல போட்டுகினு தெருவுல நடப்பாரு பாருங்க..." சொல்லச் சொல்ல, இல்லாத அந்தக் குழந்தையைக் கியாசுதீனே தன் தோளில் தட்டிக்கொடுத்தார். "அந்தக் கொழந்தைக்காகவாவது கொஞ்சம் பாத்து செய்யுங்க சார்."

ராஜகோபாலன் டிரங்குப் பெட்டியிலிருந்து மெல்லச் சரிந்தார். கியாசுதீன் ஓடிப்போய்ப் பன்னீர் சோடா உடைத்துக் கொண்டுவந்தார்.

வெளியே வந்ததும் பக்தவத்சலம், "ஒருத்தன் சொன்னதை வச்சி முடிவு பண்ணக் கூடாது வாத்தியாரே. இன்னொரு எடத்துல கேப்போம்," என்றார். நியாயமான பேச்சு. இருவரும் தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அதற்குள் கியாசுதீன் சொன்னது பின்பக்கச் சந்து வழியாக அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கடைத்தெருவில் எழுதாத விதி ஒன்று உண்டு. ஒருவர் அதிகாரியிடம் சொன்னதை மற்றவர் மாற்றிச் சொல்லக் கூடாது. கூட்டிச் சொல்லலாம்.

"பாத்திரக் கடை ஹரிக்கு ரெண்டு பிள்ளைன்னு சொல்றாங்களேம்மா, நிஜமா?" என்று காசியம்மாளிடம் கேட்டார் ராஜகோபாலன். மறைமுகமாகக் கேட்க அவருக்குத் தெம்பு இல்லை.

"ரெண்டா?" என்றாள் காசியம்மாள், வெற்றிலையைத் தண்ணீரில் உதறியபடி. "மூணாவது வயித்துல கீது சாமி."

"நேத்துதான் வந்தேன்னு சொன்னீங்களே?"

"வந்ததும் அதான் சாமி முதல்ல சொன்னாங்க."

ராஜகோபாலன் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கியாசுதீன் கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. கியாசுதீனின் மனைவி பதருன்னிசா அதை நடத்தினாள். அன்று காலை முழுவதும் வரிசையாக ஆட்கள் துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்ததால் வெளியில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக் கூண்டின் கதவு ஒரு வருடமாகச் சரியாகச் சாத்துவதில்லை. உள்ளே பேசுவதை அவள் கேட்பதில்லை என்று சொல்லுவாள். கேட்காமல் இருக்க வழியில்லை.

ராஜகோபாலன் ஓட்டல் எண்ணைச் சுழற்றி, கணக்குப் பிரிவைக் கேட்டார்.

"கோதை, அப்பா பேசறேன். இந்த ஹரிசங்கர் நமக்கு வேண்டாம்மா."

"ஏன்?"

"அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு பிள்ளை. ஒண்ணுக்கு இளைப்பு. மூணாவது வயித்துல இருக்கு."

எதிர்முனையில் கணக்கு இயந்திரம் தட்டும் ஓசை நின்றது.

"யாரு வயித்துல?" என்றாள் கோதை.

"அதைக் கேக்கலை."

கூண்டின் கதவு திறந்தது. பதருன்னிசா தலையை உள்ளே நீட்டினாள். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. எந்த ஹரிக்கு மூணு புள்ள?"

"பாத்திரக் கடை தாமோதரன் பையன்மா."

"அவனுக்கு இன்னும் பொண்ணே அமையல சார்! இப்பதான் மாமல்லபுரத்துல ஒண்ணு பாத்துட்டு வந்துகிறாங்க. அந்தப் பொண்ணு நெனப்புல பையன் மூணு நாளா கண்ணாடி பாத்துகினு கீறான். எந்தப் பாவி சார் உங்களாண்ட இப்படிச் சொன்னது?"

"பக்கத்துல பூட்டுக் கடை பாய்."

பதருன்னிசா பூட்டுக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நீங்க யாரு சார்?"

"அந்த மாமல்லபுரத்துப் பொண்ணோட அப்பா."

அவள் வெளியே போய்ப் பொதுச் சுவரில் கையால் அறைந்தாள். "ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க! யாருக்குங்க ரெண்டு புள்ள? உங்களுக்கா?"

கியாசுதீன் வந்தார். கண்ணாயிரமும் வந்தார். விஷயம் புரிந்ததும் கியாசுதீன் தலையில் கை வைத்துக்கொண்டு, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சார், எல்லாம் பொய் சார்."

"எது பொய்?"

"ரெண்டு புள்ளயும் பொய் சார். இளைப்பும் பொய்."

"பாம்பு?" என்று கேட்டார் பக்தவத்சலம்.

"பாம்பும் பொய். கெடங்கு நல்லா கீது, ரெண்டு மாடி. கடை சொந்தம். கோர்ட்டும் இல்ல, கீர்ட்டும் இல்ல. மூணு கடை சார் அவங்களுக்கு! பையன் தங்கம். அவன் மாதிரி புத்திசாலி இந்த ஜில்லாலயே..."

"எந்த ஜில்லாவுல?" என்றார் ராஜகோபாலன். அவருக்குக் கோபம் வர ஆரம்பித்திருந்தது. "கால் மணி முன்னாடி அவனுக்கு மூளை கழண்டுச்சுன்னு நீங்கதானே காட்டினீங்க? இப்ப தங்கமா? நான் எதை நம்பறது?"

"சஃபாரி போட்டுகினு வந்து கேட்டா இன்னா சார் சொல்லுவாங்க?" என்றார் கியாசுதீன் பரிதாபமாக. "ஒரு வேட்டி கட்டிகினு வந்திருக்கக் கூடாதா?"

"நாங்க டூரிஸ்ட்!" என்றார் பக்தவத்சலம்.

"செங்கல்பட்டுலயா?" என்றாள் பதருன்னிசா.

கண்ணாயிரம் சமாதானத்துக்கு வந்தார். "சார், கோச்சிக்காதீங்க. பாய் முன்ன சொன்னதுல ரெண்டு புள்ளய கழிச்சிக்கோங்க. இப்ப சொன்னதுல ரெண்டு கடைய கழிச்சிக்கோங்க. மிச்சம் இன்னா கீதோ அதான் சார் மாப்ள."

ராஜகோபாலனுக்கு இந்தக் கணக்குப் பிடிபடவில்லை. வரலாற்றில் ஒரே சாட்சி இரண்டு விதமாகப் பேசினால் சாட்சியையே தள்ளிவிட வேண்டும் என்பது அவர் வகுப்பில் சொல்லுவது. அப்படியென்றால் இந்தத் தெருவையே தள்ள வேண்டும். தள்ளினால் வரனும் போய்விடும். மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் மதுராந்தகத்து ஜாதகம் முன்னால் வந்துவிடும். அவர் தோல் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

கூண்டுக்குள் தொங்கிய ரிசீவரிலிருந்து கோதையின் குரல் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதை மறந்திருந்தார்கள். பதருன்னிசாதான் ஓடிப்போய் எடுத்தாள்.

"அம்மா, நான் பூத்துக்காரம்மா பேசறேன். பதருன்னிசா."

"எல்லாம் கேட்டுச்சுக்கா," என்றாள் கோதை. "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பையன் தங்கம்னு சொல்லாதீங்க. அவருக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாரு?"

பதருன்னிசா கணவரைப் பார்த்தாள். கியாசுதீன் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

"கோவம் வரும்மா. வராதுன்னு சொல்லமாட்டேன். வந்தா பேச்ச நிறுத்திடுவான். பின்னால போய்க் குந்திகினு, புளிய எடுத்துகினு, எதுனா அண்டா குண்டான வச்சி தேப்பான். போன வாரம் அப்பனுக்கும் அவனுக்கும் சண்டை. விக்க வச்சிருந்த அண்டாவத் தேச்சான் தேச்சான், அதுல பொறிச்சிருந்த பேரே அழிஞ்சி போச்சி. அது யாரோ கல்யாணத்துக்கு சொன்ன அண்டா. தாமோதரண்ணன் தலயில அடிச்சிகினாரு. எதிர்ல இருக்கிறவங்களுக்குப் பேசாம குந்தினு கீறது பேஜாருதான்மா. என்னாலயெல்லாம் முடியாது."

"அடிக்கமாட்டாரு?"

"பாத்திரத்தத்தான்."

கோதை கொஞ்சம் சிரித்ததுபோலக் கேட்டது. "சமையல் பாத்திரம் கழுவுவாரா?"

"கோவம் வந்தா எல்லாம் கழுவுவான்மா."

"அப்பாகிட்ட குடுங்கக்கா."

ராஜகோபாலன் ரிசீவரை வாங்கினார்.

"சரின்னு சொல்லிடுங்கப்பா."

"கோதை, இன்னும் விசாரிக்கவே இல்லைம்மா. இங்க ஒருத்தனும் உண்மை பேசலை."

"விசாரிச்சாச்சு. மாமாவைக் கூட்டிக்கினு பஸ் ஏறுங்க. தொப்பியைக் கழட்டிட்டு ஏறச் சொல்லுங்க."

கியாசுதீன் பில் போட விடவில்லை. பதருன்னிசா போட்டாள், நீண்ட அழைப்பு. திரும்பும்போது கண்ணாயிரம் மணி அடிக்கவில்லை. ஆனாலும் தெருவில் எல்லாரும் எழுந்துதான் நின்றார்கள். இப்போது சம்பந்தி வீட்டார் என்பதற்காக. காசியம்மாள் ஒரு கட்டு வெற்றிலை கொடுத்தாள். நிச்சயத்துக்கு இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும், முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன் என்றாள். பக்தவத்சலம் கிடங்கைத் தாண்டும்போது, "திப்பு..." என்று தொடங்கினார். ராஜகோபாலன் அவரைப் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கண்ணாயிரம் வாடகை கேட்டார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அதிகாரி இல்லை என்று தெரிந்துவிட்டதே.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் நிச்சயதார்த்தம் நடந்தது. கியாசுதீன் பெரிய டிரங்குப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். ராஜகோபாலன் வேட்டி கட்டியிருந்தார்.

ஆடி நடுவில் ஒரு நாள், சஃபாரி அணிந்த இருவர் செங்கல்பட்டில் பேருந்தை விட்டு இறங்கினார்கள். பழைய கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றார்கள். தாமோதரனின் மகள் சகுந்தலாவுக்கும் அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாயிரம் மணி அடிக்காமல் அவர்களைக் கொண்டுபோய்க் கியாசுதீன் கடையில் இறக்கினார். பாத்திரக் கடை வியாபாரம் எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். கியாசுதீன் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்து, கடை சொந்தம், பின்னால் இரண்டு மாடிக் கிடங்கு, முகூர்த்த மாதங்களில் சரக்கு தூக்க ஆள் போதாது, ஊரே நம்புவதால் பில்கூட யாரும் கேட்பதில்லை என்று சொன்னார். கிடங்குக்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவும் செய்தார்.

தாமோதரன் வரி அலுவலகத்தில் அபராதம் கட்டினார். ஆவணியில் கோதைக்கும் ஹரிசங்கருக்கும் மாமல்லபுரத்தில் கல்யாணம் நடந்தது. சீர்ப் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் பில் போடப்பட்டிருந்தது.